தானியம், வெல்லம், கழிவுப்பாகு: கள்ளக்குறிச்சிச் சாராயத்தின் மூலப்பொருள் வரலாறு

முளைகட்டிய பார்லி ஒரு டன் இருந்தால் அதிலிருந்து சுமார் 410 லிட்டர் தூய ஆல்கஹால் வடிக்கலாம் என்பது ஸ்காட்லாந்து வடிசாலைகளில் வழங்கும் கணக்கு. இந்தியக் கடைகளில் விற்கும் 750 மில்லி விஸ்கிப் புட்டியில் ஆல்கஹாலின் அளவு 42.8 சதவீதம், அதாவது 321 மில்லி. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு புட்டிக்கு முக்கால் கிலோவுக்குச் சற்று மேல் பார்லி வேண்டும். வடித்ததை மரப்பீப்பாயில் ஊறவைக்கும் ஆண்டுகளில் ஒரு பகுதி ஆவியாகிப் போகும். ஸ்காட்லாந்தின் குளிரில் இந்த இழப்பு ஆண்டுக்கு 2 சதவீதம் அளவுக்குத்தான். பெங்களூர் போன்ற ஊரில் அது 10 சதவீதத்தைத் தொடும். அங்கே நான்கு ஆண்டு பீப்பாயில் இருந்த சரக்கில் மூன்றில் ஒரு பங்கு காற்றோடு போயிருக்கும். ஆகவே புட்டி ஒன்றின் பின்னால் நிற்கும் தானியம் ஒரு கிலோவைத் தாண்டிவிடும். பார்லிக்குப் பதில் குருணை அரிசி என்றால் டன்னுக்கு 450 லிட்டர் வரை வரும், மக்காச்சோளம் என்றால் 380 லிட்டர். புட்டிக் கணக்கில் அரிசி 700 கிராம், மக்காச்சோளம் 850 கிராம்.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு கள்ளக்குறிச்சியைப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். தானியத்துக்குப் பஞ்சமில்லாத வட்டாரம் இது. கல்வராயன் மலையில் சாமை, தினை, வரகு, கேழ்வரகு. அடிவாரத்தில் கோமுகி, மணிமுத்தா ஆறுகளின் பாசனத்தில் நெல். சின்னசேலம் பக்கத்து மானாவாரி நிலத்தில் மக்காச்சோளம். சாராயத்துக்கும் பேர்போன வட்டாரம். ஆனால் இந்த இரண்டுக்கும் இடையே தொடர்பு மிகக் குறைவு. மலையில் காய்ச்சிய சாராயம் வெல்லத்தில் பிறந்தது. அரசுக் கடையில் விற்ற விஸ்கியும் பிராந்தியும் பெரும்பாலும் சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகில் பிறந்தவை. ஒவ்வொரு காலத்திலும் எது மலிவாக மிஞ்சியதோ அதுவே பானைக்குள் போயிருக்கிறது. தானியம் மலிவாக மிஞ்சிய காலம் இந்த ஊருக்கு அண்மைவரை வாய்க்கவில்லை.

பழைய தமிழகத்தில் நிலைமை வேறாக இருந்தது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை அரிசியிலிருந்து மது உண்டாக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறது. தீட்டாத அரிசியைக் கூழாகக் காய்ச்சி, வாயகன்ற தட்டுப் பாத்திரத்தில் ஆறவிட்டு, முளையை இடித்துக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைத்துப் பிழிந்தெடுக்கிறார்கள். முளையைச் சேர்ப்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய இடம். பார்லியை முளைகட்டும் ஸ்காட்லாந்துக்காரரும் அதே வேலையைத்தான் செய்கிறார். கல்வராயன் மலைக்கு வடக்கே உள்ள செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடும் மலைபடுகடாம் மலைவாழ் மக்களின் மதுவைப் பேசும்போது மூங்கில் குழாயில் முதிர்ந்த தேன் கள்ளைச் சொல்கிறது. சமவெளியில் அரிசி, மலையில் தேன். இரண்டுமே புளிக்கவைத்த மது. காய்ச்சி வடித்தது அல்ல. வடிக்கும் கலை தமிழ்நாட்டில் பரவலானது அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்துத்தான்.

அரிசி ஏன் பின்வாங்கியது என்பதற்கு வேதியியலில் பாதி விடை இருக்கிறது. ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலை விடும். மாவுச்சத்தை அதனால் தொட முடியாது. தானியத்தில் இருப்பதோ மாவுச்சத்து. அதைச் சர்க்கரையாக உடைக்க நொதி வேண்டும். நொதிக்குத் தானியத்தை ஊறவைத்து முளைகட்ட வேண்டும், அல்லது வேறு ஏதாவது பூஞ்சையைத் தேட வேண்டும். பிறகு அரைத்து, வெந்நீரில் கரைத்து, சூடு தப்பாமல் சில மணி நேரம் காக்க வேண்டும். சூடு ஏறினால் நொதி செத்துப்போகும், இறங்கினால் புளிப்பு ஏறிவிடும். வெல்லத்துக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. தண்ணீரில் கரைத்தால் போதும், மறுநாளே நுரைக்கத் தொடங்கும். அளவிலும் வெல்லம் தோற்பதில்லை. ஒரு கிலோ வெல்லத்தில் 800 கிராம் சர்க்கரை இருப்பதாகக் கொண்டால் ஏட்டுக் கணக்கில் அரை லிட்டருக்கு மேல் ஆல்கஹால் கிடைக்க வேண்டும். காட்டு அடுப்பில் வீணாவது போக அதில் ஐந்தில் மூன்று பங்கு தேறினாலும் விஸ்கிப் புட்டி ஒன்றில் இருக்கும் ஆல்கஹாலுக்கு ஒரு கிலோ வெல்லம் சரியாக இருக்கும். எடையில் பார்லியோடு ஏறக்குறைய சமம். வேலையில் பாதிகூட இல்லை.

மீதி விடை வயிற்றில் இருக்கிறது. மலைச் சரிவில் மழையை நம்பி விதைக்கும் சாமை, நல்ல மழை பெய்த ஆண்டில்கூட ஏக்கருக்குச் சில நூறு கிலோதான் தரும். அதுதான் அடுத்த அறுவடை வரைக்கும் சோறும் களியும். புட்டி ஒன்றுக்கு வேண்டிய முக்கால் கிலோ தானியம் ஒரு சிறு குடும்பத்தின் ஒருநாள் உணவு. பார்லி பெருத்து விளைந்த வட ஐரோப்பாவில் மிஞ்சிய தானியத்தை எலி தின்னாமல் காக்க ஒரு வழியாகவே வடிசாலை பல பண்ணைகளில் வளர்ந்தது. கல்வராயனில் எலிக்கு மிஞ்சும் அளவுக்குச் சாமை விளைந்ததில்லை.

வெல்லத்தோடு சேர்ந்து போவது பட்டை. வெள்வேல மரத்தின் பட்டையை ஊறலில், அதாவது நொதிக்கவைக்கும் வெல்லக் கரைசலில், போடுவது தென்னிந்தியா முழுவதும் இருந்த பழக்கம். பட்டைச் சாராயம் என்ற பெயர் அதனால் வந்தது. இந்த மரத்துக்கு ஆங்கிலேயத் தாவரவியலாளர் வைத்த வழக்குப் பெயரிலும் சாராய வடிப்பாளர் இடம்பெற்றிருக்கிறார். பட்டையில் துவர்ப்புச் சத்து மிகுதி. வெல்லக் கரைசலில் இருக்கும் புரதப் பொருள்களை அது படியவைக்கும். ஊறலைப் புளிக்கவைத்துக் கெடுக்கும் கிருமிகளை ஓரளவு அடக்கும். பட்டையின் மேல் ஒட்டியிருக்கும் ஈஸ்டும் நொதித்தலைத் தொடங்கிவைக்க உதவும். கடுக்காயும் இதே வேலைக்காகச் சேர்வது உண்டு, அதுவும் துவர்ப்புதான். ஆகவே பட்டையும் கடுக்காயும் போதைக்காகச் சேர்க்கப்படுகின்றன என்று பலர் நினைப்பது தவறு. போதை முழுவதும் வெல்லத்துடையது. பட்டை அதற்குக் காவல்.

பட்டையும் கடுக்காயும் தண்ணீரும் விறகும் ஒரே இடத்தில் கூடியது கல்வராயன் மலைக்கு வாய்த்த விசித்திரம். மலைத்தொடர் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. சுமார் 600 மீட்டரிலிருந்து 1,200 மீட்டர் வரை உயரம். காட்டில் வெள்வேலும் கடுக்காயும் உண்டு. ஓடைகள் ஏராளம். வடிப்புக்குத் தண்ணீர் இரண்டு முறை வேண்டும்: ஊறல் கரைக்க ஒன்று, ஆவியைக் குளிரவைக்க மற்றொன்று. இரண்டாவதற்கு ஓடுநீர் இருந்தால் பானையில் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. வெல்லம் மட்டும் மலையில் கிடையாது. அது அடிவாரத்துக் கரும்புக் கொல்லைகளில் கொதித்து, மூட்டையாக மேலே ஏற வேண்டும். சாராயமாகி மறுபடி கீழே இறங்க வேண்டும். பத்துக் கிலோ கரும்பைப் பிழிந்தால் ஒரு கிலோ வெல்லம். மலைக்குப் போகிற எடையைவிட மலையிலிருந்து வருகிற எடை குறைவு, விலையோ பல மடங்கு. கழுதைப் பாதைகூட ஒழுங்காக இல்லாத நாட்களில் இந்த வித்தியாசம் சிறியதல்ல.

மலையின் அரசியல் அமைப்பும் தனி. இங்கே வாழும் மலையாளி பழங்குடியினர் தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்வர். கள்ளக்குறிச்சிப் பக்கத்து மலை சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தது. சேலம் பக்கத்தில் பெரிய கல்ராயன், சின்னக் கல்ராயன். நிலவரி ஜாகிர்தாருக்கே போனது. நாடு விடுதலையாகிப் பல ஆண்டுகள் கடந்த பிறகு, 1976-ல்தான் இந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது. அரசு அலுவலர் மலையேறுவது அதுவரை அரிது. அந்த இடைவெளியைச் சாராயத்தின் வரலாற்றிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

கீழே சமவெளியில் ஆங்கிலேய அரசு சாராயத்தை வருவாய்க் கணக்கில் எழுதத் தொடங்கி நெடுநாளாகியிருந்தது. சென்னை மாகாணத்தின் அப்காரிச் சட்டம் 1886-ல் வந்தது. அதற்கு முன் சாராயம் காய்ச்சும் உரிமையையும் விற்கும் உரிமையையும் ஊர் ஊராகக் குத்தகைக்கு விடுவதே வழக்கம். குத்தகைதாரர் எதில் காய்ச்சினார், எவ்வளவு காய்ச்சினார் என்பதை அரசு பார்க்கவில்லை, ஏலத் தொகையை மட்டும் பார்த்தது. பெரிய வடிசாலைகளில் காய்ச்சி, அளந்து, வலிமைக்கேற்ப வரி போட்டுக் கடைகளுக்கு அனுப்பும் முறை பிறகு வந்தது. வலிமைக்கு வரி என்றவுடன் ஒரு மணங்கு வெல்லத்துக்கு எவ்வளவு சாராயம் வர வேண்டும் என்ற கணக்கும் அரசு ஏட்டில் ஏறியது. தென்னாற்காடு மாவட்டத்தில் இந்த மாற்றத்தின் மையம் நெல்லிக்குப்பம். பாரி கம்பெனி 1840-களில் கடலூர்ப் பக்கத்தில் தொடங்கிய சர்க்கரைத் தொழில் அங்கே நிலைகொண்டது. கரும்பு வெல்லமும் பனை வெல்லமும் சர்க்கரையாகச் சுத்திகரிக்கப்பட்டன. பக்கத்திலேயே வடிசாலை எழுந்தது. 1897-ல் உருவான நிறுவனத்தின் பெயரிலேயே வடிசாலைகள் முன்னும் சர்க்கரை ஆலைகள் பின்னும் நின்றன: ஈஸ்ட் இந்தியா டிஸ்டில்லரீஸ் அண்டு சுகர் ஃபேக்டரீஸ். எது பெரிய லாபம் என்பதை அந்த வரிசையே காட்டிவிடுகிறது. கள்ளக்குறிச்சி வட்டம் அன்று தென்னாற்காட்டின் மேற்கு ஓரம். இங்கிருந்து கடலூர் வரை ஒரே மாவட்டத்துக்குள் கரும்பும் ஆலையும் வடிசாலையும் கடையும் ஒரு சங்கிலியாக அமைந்தன. அந்தச் சங்கிலியில் தானியத்துக்கு இடம் இல்லை.

ராஜாஜி முதலமைச்சரான ஆண்டிலேயே, 1937 அக்டோபர் 1 அன்று, மதுவிலக்கு சேலம் மாவட்டத்தில் தொடங்கியது. இந்தியாவில் ஒரு மாவட்டம் முழுவதற்கும் சட்டம் போட்டு மதுவை விலக்கியதில் இதுவே முன்னோடி. இழந்த கலால் வருவாயை ஈடுகட்ட 1939-ல் கொண்டுவந்த பொது விற்பனை வரி, நாட்டின் எல்லா மாகாணங்களும் பின்னால் பார்த்து எழுதிய பாடமாயிற்று. கல்வராயன் மலைக்கு இதன் விளைவு உடனடியானது. மலையின் மேற்குப் பாதி சேலத்தைச் சேர்ந்தது, கிழக்குப் பாதி தென்னாற்காட்டைச் சேர்ந்தது. ஒரே முகட்டின் ஒரு சரிவில் சாராயம் குற்றம்; மறு சரிவில் உரிமம் பெற்ற வியாபாரம். போர்க்காலத்தில் மதுவிலக்கு நிறுத்திவைக்கப்பட்டு, 1946-ல் மீண்டு, 1948 அக்டோபர் 2-க்குள் மாகாணம் முழுவதும் பரவியது. நெல்லிக்குப்பம் போன்ற பெரிய வடிசாலைகளிலிருந்து கடைகளுக்கு வந்துகொண்டிருந்த சாராயம் நின்றது. குடிப்பவர்கள் நிற்கவில்லை.

1937-ஆம் ஆண்டுச் சட்டம் மதுவை மட்டும் அல்லாமல், மது காய்ச்சுவதற்காக வைத்திருக்கும் பொருளையும் பாத்திரத்தையும் குற்றப் பொருளாக்கியது. மளிகைக் கடையில் இருக்கும்வரை வெல்லம் வெல்லம்தான். அதே வெல்லம் பட்டையோடு பேரலில் கரைந்த நொடியிலிருந்து தடயம். அதனால்தான் கல்வராயன் மலையைப் பற்றிய செய்திகளில் சாராயத்தைவிட ஊறல் அதிகமாகப் பேசப்படுகிறது. இத்தனை ஆயிரம் லிட்டர் ஊறல் அழிப்பு என்று வரும் செய்தியைப் படிப்பவர் அத்தனை ஆயிரம் லிட்டர் சாராயம் என்று எடுத்துக்கொள்வது இயல்பு. உண்மை அதில் ஒரு சிறு பங்கு. நன்கு நொதித்த ஊறலில் ஆல்கஹால் நூற்றுக்கு ஆறு முதல் எட்டு பங்குதான் இருக்கும். 200 லிட்டர் பேரல் ஒன்றை முழுவதும் வடித்தாலும், வீணாவது போகப் பத்து லிட்டர் தூய ஆல்கஹால் தேறினால் பெரிது. விஸ்கியின் வலிமைக்குத் தண்ணீர் கலந்தால் 23 லிட்டர். பெரிய எண் காவல் துறைக்கும் பத்திரிகைக்கும் வசதியாக இருப்பதால் அது அப்படியே நிலைத்துவிட்டது.

மலையில் வழங்கிய வடிப்புக் கருவி எளிமையானது. அடிப்பானையில் ஊறல், அதன்மேல் இன்னொரு பானை, உச்சியில் குளிர்ந்த நீர் நிரப்பிய பாத்திரம். ஆவி மேலேறி, குளிர்ந்த அடிப்பாகத்தில் பட்டு, துளியாக நடுப்பானைக்குள் விழுந்து குழாய் வழியே வெளிவரும். பின்னாளில் மண்பானை போய் இரும்பு டிரம் வந்தது. ஊறலுக்குப் பிளாஸ்டிக் பேரல் வந்தது. வடித்ததை லாரி டியூபில் அடைத்து மலையிறக்குவது எழுபதுகளுக்குப் பிந்தைய வழக்கம். டியூப் உடையாது, சத்தம் போடாது, முதுகில் படிந்து கிடக்கும். கண்ணாடிப் புட்டிக்கு இந்த மூன்று குணமும் இல்லை.

1948-க்குப் பிந்தைய சட்ட வரலாறு ஏற்ற இறக்கம் நிறைந்தது. 1971-ல் மு. கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது. 1974-க்குள் கடைகள் மறுபடி மூடப்பட்டன. 1981-ல் எம்.ஜி.ஆர். அரசு கள்ளையும் சாராயத்தையும் திறந்துவிட்டது; 1983-ல் அரசின் மது விற்பனை நிறுவனமான டாஸ்மாக் பிறந்தது; 1987-ல் கள், சாராயக் கடைகள் மூடப்பட்டன. 1990-ல் சாராயம் மலிவு விலை மதுவாக வந்து, 1991-ல் போனது. ஆனால் விஸ்கி, பிராந்தி, ரம் என்று புட்டியில் வரும் இந்தியத் தயாரிப்பு அயல்நாட்டு மது நிலைத்துவிட்டது. 2003 நவம்பர் முதல் அதன் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் வசம். சாராயம் சட்டப்படி இல்லாமல் போன ஒவ்வொரு முறையும் கல்வராயனுக்கு விலை ஏறியது. சட்டப்படி வந்த ஒவ்வொரு முறையும் இறங்கியது. 1982-ல் வந்த தடுப்புக்காவல் சட்டத்தை மக்கள் குண்டர் சட்டம் என்று அழைத்தாலும், அதன் நீண்ட தலைப்பில் முதலில் நிற்பவர் கள்ளச்சாராயக்காரர்தான்.

இதே காலத்தில் அடிவாரத்தில் சர்க்கரைத் தொழில் பெருத்தது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் வந்தன. கோமுகி அணை 1965-ல் முடிந்தபின் கரும்புக்குத் தண்ணீர் நிலைத்தது. ஒரு டன் கரும்பை அரைத்தால் 90 கிலோவுக்குச் சற்று மேலோ கீழோ சர்க்கரை, 40 முதல் 45 கிலோ கழிவுப்பாகு. இந்தக் கரும்பழுப்புப் பாகில் இன்னும் பாதியளவு சர்க்கரை உண்டு. ஆனால் அதைப் படிகமாகப் பிரித்தெடுப்பது கட்டாது. 1932-ல் இந்திய அரசு சர்க்கரைத் தொழிலுக்கு இறக்குமதிப் பாதுகாப்புக் கொடுத்த பிறகு நாடெங்கும் ஆலைகள் பெருகி, கழிவுப்பாகைக் கொட்ட இடமில்லாமல் ஓடைகளில் விட்ட காலம் ஒன்று இருந்தது. அதற்கு வழி தேடித்தான் வடிசாலைகள் ஆலைகளின் அருகே வந்தன. சுதந்திரத்துக்குப் பிந்தைய உணவுப் பஞ்ச ஆண்டுகளில் அரிசியையும் கோதுமையையும் சாராயத்துக்குக் கொடுப்பது எந்த அரசுக்கும் இயலாத காரியம். கழிவுப்பாகு இருந்தது, மலிவாக இருந்தது, யாரும் தின்னாதது. இந்திய விஸ்கி அப்படித்தான் கரும்பிலிருந்து பிறந்தது.

கணக்கில் போட்டால்: ஒரு டன் கழிவுப்பாகு சுமார் 225 லிட்டர் ஆல்கஹால் தரும். விஸ்கிப் புட்டி ஒன்றுக்கு 1.4 கிலோ பாகு. அதற்குப் பின்னால் 32 கிலோ கரும்பு. ஆனால் அந்தக் கரும்பு அதற்குமுன் மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவாகச் சர்க்கரையை ஆலைக்குக் கொடுத்துவிட்டது. மலைமேல் காய்ச்சுபவருக்கு அதே ஆல்கஹாலுக்குப் பத்துக் கிலோ கரும்பு போதும். அவர் சர்க்கரையை எடுத்து விற்காமல் முழுவதையும் அடுப்பில் ஏற்றிவிடுகிறார். ஆலை முதலில் சர்க்கரையை விற்கிறது, பிறகு கழிவை விற்கிறது. விலைப் போட்டியில் மலைச் சாராயம் புட்டிச் சரக்கிடம் தோற்காமல் இருந்ததற்கு வரி ஒன்றே காரணம். புட்டியின் விலையில் பெரும்பகுதி அரசுக்குப் போகிறது, டியூபின் விலையில் எதுவும் போவதில்லை.

பாகிலிருந்து வடித்த ஆல்கஹாலை மேலும் சுத்திகரித்தால் மணமும் சுவையும் நீங்கிய நடுநிலைச் சாராயம் கிடைக்கும். அதோடு சிறிது மால்ட் சாராயம், நிறத்துக்குக் கருக்கிய சர்க்கரை, மணச்சாறு சேர்த்துத் தண்ணீர் கலந்தால் சாதாரண இந்திய விஸ்கி. ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி தானியத்திலிருந்து வராத எதற்கும் விஸ்கி என்ற பெயர் கிடையாது. அதனால் உலகின் மிகப்பெரிய விஸ்கிச் சந்தையாகிய இந்தியாவின் பெரும்பாலான விஸ்கி, ஐரோப்பாவுக்குப் போனால் பெயர் மாற்ற வேண்டும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு மது விதிகள் இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைத்தன: தானியத்தில் வடித்ததும் விஸ்கி, நடுநிலைச் சாராயத்தில் கலந்ததும் விஸ்கி. முழுக்க இந்தியப் பார்லியை நம்பிய மால்ட் விஸ்கி, பெங்களூரின் அம்ருத், 2004-ல் கிளாஸ்கோவில் அறிமுகமானபோது ஸ்காட்லாந்துக்காரர்கள் வியந்ததற்கு இந்தப் பின்னணி ஒரு காரணம். டாஸ்மாக் கடையில் குவார்ட்டர் வாங்குபவருக்கு அந்த வியப்பு எட்டாத தூரம்.

2024 ஜூன் 19 அன்று கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் நேர்ந்தது இந்த வரலாற்றில் தனியான ஒரு திருப்பம். பாக்கெட்டில் வாங்கிக் குடித்தவர்கள் வயிற்றுவலி, வாந்தி, பார்வை மங்கல் என்று மருத்துவமனைக்கு வந்தனர். 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இருநூறுக்கும் அதிகமானோர் சிகிச்சை பெற்றனர். குடித்தது வெல்லச் சாராயம் அல்ல. தொழிற்சாலைக் கரைப்பானாகப் பயன்படும் மெத்தனால். அதற்குத் தானியமும் வேண்டாம், கரும்பும் வேண்டாம், ஊறலும் அடுப்பும் வேண்டாம். இயற்கை எரிவாயுவிலிருந்து ஆலையில் செய்வது. உடலுக்குள் போனால் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும், மூச்சை நிறுத்தும். முந்தைய ஆண்டு மே மாதம் மரக்காணம் அருகிலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இருபதுக்கு மேற்பட்ட உயிர்களை எடுத்ததும் இதுவே. கல்வராயன் மலையில் காய்ச்சுவதைக் காவல் துறை நெருக்கியபோது, குடிப்பவர் கையில் இருந்த காசு மாறாமல் இருக்க, மூலப்பொருள் மட்டும் மாறியது என்று சொல்வது மிகையாகாது. வெல்லம், பட்டை, விறகு, மூன்று நாள் காத்திருப்பு எல்லாவற்றையும் மெத்தனால் ஒரே டிரம்மில் இல்லாமல் செய்துவிட்டது. காய்ச்சும் புகை வராததால் கண்டுபிடிப்பதும் கடினம்.

2024 ஜூன் மாதமே தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தில் ஒரு திருத்தம் நிறைவேறி, கள்ளச்சாராயத்தால் உயிரிழப்பு ஏற்பட்டால் ஆயுள் தண்டனையும் அபராதமும் விதிக்க வழி செய்தது. ஓய்வுபெற்ற நீதிபதி பி. கோகுல்தாஸ் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது. அதற்கிடையே அதே நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்வு நிலை பற்றித் தானாக முன்வந்து ஒரு வழக்கை எடுத்தது. சாலை, பள்ளி, மருத்துவம், ரேஷன் என்று அதில் பேசப்பட்டவற்றில் பெரும்பாலானவை ஜாகிர் ஆட்சி முடிந்த 1976-லேயே செய்திருக்க வேண்டியவை. மலையில் இன்று சாமை நிலத்தின் பெரும்பகுதியை மரவள்ளி பிடித்துக்கொண்டது. அதுவும் மாவுச்சத்துதான், ஆனால் அது ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது.

தானியம் சாராயத்துக்குள் நுழைந்தது இதற்கெல்லாம் புறம்பாக, முற்றிலும் வேறொரு வாசல் வழியாக. பெட்ரோலில் எத்தனால் கலக்கும் திட்டத்துக்காக 2018-ல் கெட்டுப்போன தானியத்தையும், 2020 முதல் அரசுக் கிடங்கில் மிஞ்சிய அரிசியையும் மக்காச்சோளத்தையும் வடிக்க மத்திய அரசு அனுமதித்தது. ஐம்பதுகளின் பஞ்சத்தைப் பார்த்தவர்களால் நினைத்தும் பார்த்திருக்க முடியாத முடிவு. 2023 டிசம்பரில் கரும்புச் சாற்றை எத்தனாலுக்குத் திருப்புவதற்குக் கட்டுப்பாடு வந்தபோது மக்காச்சோளம் முதலிடத்துக்கு ஏறியது. கழிவுப்பாகை எண்ணெய் நிறுவனங்கள் வாங்கிக்கொள்வதால் மது ஆலைகளும் குருணை அரிசியிலும் மக்காச்சோளத்திலும் வடித்த நடுநிலைச் சாராயத்துக்கு மாறிவருகின்றன. வண்டிக்குப் பெட்ரோல் என்ற பெயரில் தொடங்கிய மாற்றம், இந்திய விஸ்கியைத் தற்செயலாகத் தானியத்தின் பக்கம் தள்ளியிருக்கிறது.

சின்னசேலம், தலைவாசல் பக்கத்து மக்காச்சோளம் இதுவரை நாமக்கல் கோழிப் பண்ணைகளை நம்பி விளைந்தது. இப்போது அதே மூட்டைக்கு வடிசாலையும் விலை கேட்கிறது. ஏக்கருக்கு 2 டன் விளைந்தால் 760 லிட்டர் ஆல்கஹால். விஸ்கிப் புட்டியாகக் கணக்கிட்டால் 2,300-க்கு மேல். மாவுச்சத்து போக மிஞ்சும் சக்கை தானியத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. புரதம் நிறைந்த அந்தச் சக்கையை உலர்த்திக் கோழித் தீவனத்தில் கலக்கிறார்கள்.